ரெவிட் (கட்டட மாடல் மென்பொருள்): சரிவுச் சாலையோரக் கடைக்கு ஸ்டோர்ஃப்ரண்ட் (கண்ணாடிக் கடைமுகப்பு), கதவு உட்காரவில்லை

குன்னூர்_வரைபடம்:
மேல் குன்னூர் ஏற்றத்தில் ஒரு பேக்கரி. முகப்பு 6 மீட்டர், 230 மி.மீ. செங்கல் சுவர். அந்த நீளத்துக்குள் சாலை 500 மி.மீ. இறங்குகிறது. மூன்று சிக்கல். சுவருக்குள் கர்ட்டன் வால் (சட்டமிட்ட கண்ணாடிச் சுவர்) போட்டால் 'சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று' என்று எச்சரிக்கை வருகிறது, செங்கல் வெட்டப்படவில்லை. டோர் கருவி கண்ணாடியில் ஏறவே மாட்டேன் என்கிறது. அடிப்பகுதியைச் சாலைச் சரிவுக்கு ஏற்ப எப்படி வரைவது?

தொட்டபெட்டா_மேசன்:
முதலாவது எளிது. 'கர்ட்டன் வால்' வகையில் 'ஆட்டோமேட்டிக்கலி எம்பெட்' (சுவரைத் தானே வெட்டி உட்காரும் தெரிவு) டிக் இல்லாமலே வரும். 'ஸ்டோர்ஃப்ரண்ட்' வகையில் டிக் இருக்கும். எடிட் டைப்பில் போட்டுவிடுங்கள், செங்கல் சுவரின் மையக்கோட்டிலேயே வரையுங்கள். அப்படியும் வெட்டாவிட்டால் கட் ஜியோமெட்ரி கருவி: முதலில் செங்கலை, பிறகு கண்ணாடியைக் கிளிக் செய்யுங்கள்.

கதவுதான் ஆட்களைப் படுத்தும் இடம். சாதாரணக் கதவு ஃபேமிலிக்கு, அதாவது கதவின் மாதிரிக் கோப்புக்கு, திடச் சுவர் வேண்டும். இங்கே கதவு என்பது ஒரு பேனல், அதாவது கட்டத்தை நிரப்பும் ஒரு துண்டு. பேனலின் ஓரத்தில் கர்சரை வைத்து, கீழே ஸ்டேட்டஸ் வரியில் பேனல் பெயர் வரும்வரை டேப் தட்டி, கிளிக் செய்து, பின்னை (துண்டைப் பூட்டி வைக்கும் ஊசிக் குறியை) எடுங்கள். கர்ட்டன் வால் கதவு ஃபேமிலியை லோட் செய்து டைப் செலக்டரில் மாற்றுங்கள். அகலத்தை எண்ணாக அடிக்க முடியாது, கிரிட்தான் (கண்ணாடியைக் கட்டங்களாகப் பிரிக்கும் கோடுகள்) தீர்மானிக்கும். மல்லியன் (கிரிட் கோட்டில் வரும் சட்டம்) 50 மி.மீ. என்றால், 1800 பேனலுக்குக் கிரிட் கோடுகள் 1850 இடைவெளியில் இருக்க வேண்டும். கதவுக்கு மேல் 2100-இல் போடும் கிடைக்கோடு முகப்பு முழுக்க ஓடும். வேண்டாத இடத்தில் 'ஆட்/ரிமூவ் செக்மெண்ட்ஸ்' கொண்டு அந்தத் துண்டை நீக்குங்கள். கதவுக்கடியில் இருக்கும் அடி மல்லியனையும் பின் எடுத்து அழியுங்கள். விட்டால் வாசலில் 50 மி.மீ. தடுக்கும்.

குன்னூர்_வரைபடம்:
நன்றிங்க, கதவு உட்கார்ந்துவிட்டது. சரிவுக்கு எடிட் ப்ரொஃபைல் (சுவரின் விளிம்பை வரைந்து மாற்றும் கருவி) போதாதா அண்ணா?

தொட்டபெட்டா_மேசன்:
அடிக்கோடு சாயும், ஆனால் அடி வரிசைப் பேனல்கள் கோணலாகிவிடும். கதவுக்கு நேர்ச்சதுரக் கட்டம் வேண்டும். கோணல் கண்ணாடி வெட்டுவதும் வீண் செலவு.

மலைக்கட்டு:
கடைத் தளம் மட்டமாகத்தானே இருக்கும்? கண்ணாடியையும் மட்டமாகவே விடுங்கள். தளத்தைச் சாலையின் மேல்முனைக்கு 150 உயரத்தில் வையுங்கள். கீழ்முனையில் அது 650 ஆகும். அந்த வித்தியாசத்தைக் கருங்கல் அடித்தளம் தாங்கட்டும். அதைத் தனிச் சுவராக வரைந்து, எடிட் ப்ரொஃபைலை அதன் அடிவிளிம்பில் பயன்படுத்துங்கள். கதவு மேல்முனையில், ஒரே படி. கீழ்முனையில் வைத்தால் நாலு படி வரும், நடைபாதையைத் தின்றுவிடும்.

சாரலும் பனிமூட்டமும் உள்ள ஊர், இரட்டைக் கண்ணாடிதான் போடுவீர்கள். 6+12+6 (கண்ணாடி, இடைவெளி, கண்ணாடி) என்றால் 24 மி.மீ. பேனல் டைப்பை டூப்ளிகேட் செய்து தடிமனை மாற்றி, அதைக் கர்ட்டன் வால் டைப்பின் 'கர்ட்டன் பேனல்' வரியில் கொடுங்கள். ஒவ்வொன்றாகப் பின் எடுத்து மாற்ற வேண்டாம். அடி மல்லியனில் நீர் வடியும் துளைகளை மாடலில் காட்டத் தேவையில்லை, டீட்டெய்ல் படத்தில் கட்டாயம் காட்டுங்கள்.

குன்னூர்_வரைபடம்:
டோர் செடியூலில் (கதவுப் பட்டியலில்) இந்தக் கதவுக்கு மட்டும் அகலம் காலியாக இருக்கிறதே?

மலைக்கட்டு:
அகலம் கிரிட்டிலிருந்து வருவதால் அப்படி. ஃபேமிலியைத் திறந்து, இரு ஓர ரெஃபரன்ஸ் பிளேன்களுக்கு (வழிகாட்டிக் கோடுகளுக்கு) நடுவே டைமென்ஷன் போட்டு, அதற்கு ஷேர்டு பாராமீட்டர் (ஃபேமிலிக்கும் செடியூலுக்கும் பொதுவான அளவுப் பெயர்) ஒன்றை இன்ஸ்டன்ஸ் (கதவுக்குக் கதவு தனி மதிப்பு), ரிப்போர்ட்டிங் (அளவை அப்படியே படித்துச் சொல்வது) என்று கொடுங்கள். அதே பாராமீட்டரைச் செடியூலில் சேர்த்தால் 1800 என்று வந்துவிடும்.