செய்தி ஒரு பக்கம் சாய்வதை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தொடங்கியவர், சேலம்

ஊடகங்கள் கட்சி சார்புள்ளவையா என்று தமிழ்நாட்டில் கேட்டால் யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். ஜெயா, மக்கள், கலைஞர், கேப்டன் என்று பெயரைச் சொன்னாலே கட்சி தெரிந்துவிடும். அதனால் எந்த சேனல் யாருடையது என்ற பட்டியலை இங்கே போட வேண்டாம். நீங்கள் நின்ற இடத்தில் ஒன்று நடந்து, அது செய்தியில் வேறு மாதிரி வந்ததைப் பார்த்திருந்தால் எழுதுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எழுதினால் இன்னும் நல்லது.

நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன். 2001 ஜூன் 30, சனிக்கிழமை. முந்தைய நள்ளிரவு தாண்டி, மேம்பாலங்கள் கட்டியதில் ஊழல் என்ற வழக்கில் கருணாநிதியைக் கைது செய்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சன் டிவி, எதிர் வீட்டில் ஜெயா டிவி. சன் டிவியில் வயதான தலைவரைப் போலீசார் இழுத்துச் செல்வதும் அவர் அலறுவதும் திரும்பத் திரும்ப ஓடியது. ஜெயாவில் முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் போலீசாரைத் தடுத்துத் தள்ளும் காட்சி. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தபோது, ஆளுக்கொரு ஊரில் நடந்ததைப் பேசுவது போல இருந்தது. இரண்டு படங்களும் அசல்தான், யாரும் பொய்யாக எதையும் எடுக்கவில்லை. அவரவருக்கு வேண்டாத நிமிடங்களை வெட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தக் காட்சியைப் பார்த்தாலும், இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

கேபிள்காரர், திண்டுக்கல் பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கேபிள் தொழில் செய்கிறேன். எல்லோரும் செய்தியில் என்ன சொன்னார்கள் என்று பேசுகிறீர்கள். அந்தச் செய்தி உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் வந்ததா என்பதுதான் எனக்குத் தெரிந்த அரசியல்.

செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முந்தைய காலத்தில், பழைய டிவிகளில் குறிப்பிட்ட அலைவரிசைகள்தான் தெளிவாக எடுக்கும். ஹைபர் பேண்ட் என்ற மேல் அலைவரிசையில் ஒரு சேனலைப் போட்டால் பாதி வீடுகளில் அது கிடையாது. சேனலைத் தடை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இடத்தை மாற்றினால் போதும், படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஜனங்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தேர்தல் நேரத்தில் இந்த மாதிரிச் சொல்லிவிட ஆட்கள் வருவார்கள். சில சமயம் நேராக வருவார்கள், சில சமயம் மேலே சிக்னல் கொடுக்கிற இடத்திலிருந்தே மாறிவிடும். எங்களைப் போன்ற தெரு ஆபரேட்டர் என்ன செய்ய முடியும்? கம்பி ஓடுவது மின்கம்பத்தில். ஒரே இரவில் அறுத்துப் போட்டுவிடலாம்.

அரசு கேபிள் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2007 மே 9 அன்று, கருணாநிதியின் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். அதோடு கருணாநிதி குடும்பமும், சன் டிவியையும் தினகரனையும் நடத்திய மாறன் குடும்பமும் பிரிந்தன. அந்த வருடமே கலைஞர் டிவி வந்தது, அரசு கேபிள் நிறுவனமும் வந்தது. குடும்பம் சேர்ந்ததும் அரசு கேபிள் தூங்கிவிட்டது. 2011இல் ஜெயலலிதா வந்து, செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று அதை எழுப்பினார். ஆரம்பத்தில் அதில் சன் சேனல்கள் இல்லை. என் கடை வாசலில் வந்து சத்தம் போட்டவர்கள் அத்தனை பேரும் சீரியலுக்காகத்தான் சத்தம் போட்டார்கள். ஒரு பக்கத்துச் செய்தி முழுதாகக் காணாமல் போனதே என்று கேட்ட ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகும் இது நிற்கவில்லை. 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை நடத்திய விவாத நிகழ்ச்சிக்காக அந்தச் சேனல் மீதே வழக்குப் போட்டார்கள். அரசு கேபிளில் அதைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள் என்றும் அப்போது கண்டனம் எழுந்தது. ஆட்சி எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும் கேபிள் சாவி அவர்கள் இடுப்பில்தான்.

ஸ்டிரிங்கர், டெல்டா மாவட்டம்

கேபிள் அண்ணன் வாசலைப் பற்றிச் சொன்னார். நான் அடுப்படியைப் பற்றிச் சொல்கிறேன். சேனல் பெயர் கேட்காதீர்கள்.

ஸ்டிரிங்கர் என்றால் பலருக்குத் தெரியாது. எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. வண்டி, பெட்ரோல், கேமரா எல்லாம் நம் கைக்காசு. அனுப்பிய செய்தி ஓடாவிட்டால் அன்றைய செலவு நம் தலையில்.

எங்கள் ஊரில் ஒரு வார்டில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. பெண்கள் காலிக்குடங்களோடு மறியலில் உட்கார்ந்தார்கள். நல்ல விஷுவல், நாலு பேர் பைட் (கேமரா முன் பேசிய பேச்சு), எல்லாம் எடுத்து அனுப்பினேன். செய்தியைத் திருத்தி ஒளிபரப்புக்குத் தயார் செய்கிற டெஸ்கிலிருந்து போன். "எந்த வார்டு? கவுன்சிலர் யாரு?" சொன்னேன். "சரி, பார்க்கலாம்." ஓடவில்லை. அந்தக் கவுன்சிலர் ஆளும் கட்சி என்பது மட்டும் காரணம் இல்லை. அவருடைய தலைவர் பிறந்தநாளுக்கு எங்கள் ஆட்கள் வாங்கியிருந்த விளம்பரத்தில் அவருடைய பங்கும் இருந்தது.

ஆட்சி மாறியது. எங்கள் நிர்வாகம் இப்போது எதிர்ப்பக்கம் நின்றது. அதே வார்டு, அதே குழாய், ஏறக்குறைய அதே குடங்கள். இந்த முறை நான் அனுப்பி அரை மணி நேரத்தில் பிரேக்கிங் போனது. ராத்திரி விவாதத்துக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் என்னைத் தேடி வந்து நன்றி சொன்னார்கள். போன தடவை இதே வெயிலில் அவர்கள் உட்கார்ந்தது வீணாகப் போனது ஏன் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. தீபாவளி மலர், பொங்கல் மலர், ஆண்டு விழா என்று விளம்பர டார்கெட் வைப்பார்கள். செய்தியாளன்தான் விளம்பரமும் பிடிக்க வேண்டும். காலையில் ஒன்றியச் செயலாளரிடம் முழுப்பக்க விளம்பரத்துக்குக் கையை நீட்டிவிட்டு, மாலையில் அவருடைய மணல் லாரியைப் பற்றி எழுத முடியுமா? பிரஸ் மீட் முடிந்ததும் பணம் வைத்த கவர் கொடுப்பார்கள். நான் வாங்குவதில்லை. வாங்குகிறவர்களைத் திட்டவும் எனக்கு மனசு வராது, அவர்கள் வீட்டு வாடகை எனக்குத் தெரியும். கொள்கைப் பிடிப்பால் சாய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலான சாய்வு வயிற்றிலிருந்து வருகிறது.

இல்லத்தரசி, தஞ்சாவூர் மாவட்டம்

தம்பி, நாங்களும் குடத்தோடு உட்கார்ந்திருக்கிறோம். வந்த நிருபர் எங்களிடம் பேசிவிட்டுத்தான் போனார். மறுநாள் பேப்பரில் "எதிர்க்கட்சியினர் தூண்டுதலின்பேரில்" என்று ஒரு வரி. எங்கள் தெருவில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், தாகத்துக்கு எந்தக் கட்சி? அந்த ஒரு வரியால் என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அரசு வேலையில் இருக்கிறார் இல்லையா.

தூத்துக்குடியிலிருந்து

2018 மே 22. ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள். பனிமய மாதா கோவில் பக்கமிருந்து கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் நானும் நடந்தேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள், வயசானவர்கள் இருந்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள்.

ராத்திரி வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், சில சேனல்களில் எரிகிற வாகனங்கள்தான் மறுபடி மறுபடி. வாகனம் எரிந்தது உண்மை, நானும் பார்த்தேன். ஆனால் நான் பார்த்த மற்ற எதுவும் அந்தத் திரையில் இல்லை. "சமூக விரோதிகள் ஊடுருவினார்கள்" என்ற பேச்சு அதற்குப் பிறகு எத்தனை வாயில் புகுந்து வந்தது! செத்தவர்களில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பெண்பிள்ளையும் உண்டு. அடுத்த நாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். எங்களிடம் இருந்த வீடியோவை வெளியே அனுப்ப வழியில்லை. அந்த நாட்களில் நாடு பார்த்த தூத்துக்குடி, கேமராவும் சேட்டிலைட் வண்டியும் வைத்திருந்தவர்கள் காட்டிய தூத்துக்குடி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வேன் மேல் ஏறித் துப்பாக்கியைக் குறிவைத்த காட்சியும் ஊடகங்களில்தான் வந்தது. எடுத்தவர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்தார்கள். அது இல்லையென்றால் எங்கள் பேச்சை யார் நம்பியிருப்பார்கள்?

முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி, துப்பாக்கிச்சூட்டை டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். அது சரியல்ல, அவருக்கு அவ்வப்போது தகவல் போய்க்கொண்டிருந்தது என்று துப்பாக்கிச்சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது. அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதற்குள் சம்பவம் நடந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. எரிந்த வாகனத்தை ராத்திரி பகலாக ஓட்டிய சேனல்கள் அறிக்கையை எவ்வளவு நேரம் ஓட்டின என்று கவனித்தீர்களா? நான் உட்கார்ந்து கவனித்தேன். வயிறு எரிந்தது.

முன்னாள் டெஸ்க் ஊழியர், சென்னை

தூத்துக்குடி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் ஒரு செய்தி சேனலில் டெஸ்கில் இருந்தவள்.

2016 செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 வரை எங்களுக்குக் கிடைத்தது மருத்துவமனையின் அறிக்கையும், வாசலில் மைக் முன்னால் அமைச்சர்கள் சொன்னதும்தான். நன்றாக இருக்கிறார், சாப்பிட்டார், பேசினார். உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று எங்கள் நிருபர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி புல்லட்டினில் வராது, பதில் மட்டும் வரும். வதந்தி பரப்பியதாக அக்டோபரில் பலர் மேல் வழக்குப் போட்டுக் கைதும் செய்தார்கள். அதற்குப் பிறகு "மருத்துவமனை அறிக்கை தவிர ஒரு வரியும் வேண்டாம்" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசனே, அம்மா இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னது பொய் என்று மேடையில் சொன்னார். அந்த இட்லியை ஸ்க்ரோலில் ஓட்டியது எங்களைப் போன்றவர்கள்தான். ஏழரைக் கோடி மக்களின் முதலமைச்சர் எப்படி இருக்கிறார் என்ற கேள்வியை எழுபத்தைந்து நாள் கேட்காமல் இருந்தோம்.

என் கருத்தில், சார்பு என்று நீங்கள் வெளியிலிருந்து பார்ப்பதில் பெரிய பங்கு பயம். அரசு விளம்பரப் பாக்கி நின்றால் அந்த மாதம் சம்பளம் தள்ளிப்போகும். அது ஆசிரியருக்கும் தெரியும், எடிட்டிங் பையனுக்கும் தெரியும். யாரும் எழுத்தில் உத்தரவு தருவதில்லை. எந்தச் செய்திக்குப் பின் எது என்ற பட்டியலான ரன்டவுனில் வரிசை மாறும். எதிர்க்கட்சித் தலைவரின் பேட்டி முதல் செய்தியிலிருந்து இரண்டாவது இடைவேளைக்குப் பின்னால் போகும். "குற்றச்சாட்டு" என்று நான் எழுதியது "விமர்சனம்" ஆகும். "கேள்விக்குப் பதிலளிக்காமல் கிளம்பினார்" என்ற வாக்கியம் காணாமல் போகும். நேயர் யாருக்கும் அங்கே ஒரு வாக்கியம் இருந்ததே தெரியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பிள்ளைகளே, நான் முரசொலியும் படித்தேன், நமது எம்.ஜி.ஆரும் படித்தேன். கட்சிப் பத்திரிகையை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினோம். அதில் எனக்குக் குறை இல்லை. நடுநிலை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு சாய்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சாயாமல் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஒரு சித்திரத்துக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் விட்டார்கள். 2003இல் இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்று தீர்மானம். 2025 பிப்ரவரியில் பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த சித்திரத்துக்காக விகடன் இணையதளத்தையே முடக்கினார்கள். சென்னையில் ஒரு அரசு, டெல்லியில் ஒரு அரசு. கேலிச்சித்திரம் இரண்டுக்கும் பொறுக்கவில்லை.

கோயம்புத்தூர்

விவாத நிகழ்ச்சியை யாரும் சொல்லவில்லையே. நாலு பேரில் இருவர் கட்சிப் பெயரோடு வருகிறார்கள், சரி. மற்ற இருவரைப் பாருங்கள். "அரசியல் விமர்சகர்", "சமூக ஆர்வலர்", "மூத்த பத்திரிகையாளர்". ஒரு வருடம் அந்தப் பட்டத்தோடு பேசிவிட்டு, ஒருநாள் துண்டு போட்டுக்கொண்டு கட்சிப் பொறுப்போடு வந்து உட்காருகிறவர்கள் உண்டு. அதுவரை அவர்களைப் பொதுவான ஆள் என்று நம்பிக் கேட்டவர்களிடம் சேனல் ஒரு வார்த்தை வருத்தம் சொல்வதில்லை. யூடியூபில் இது இன்னும் மோசம், யார் காசு கொடுக்கிறார்கள் என்பதே வெளியில் வராது.

தொடங்கியவர், சேலம்

ஸ்டிரிங்கர் தம்பியிடம் ஒரு கேள்வி. அந்த வார்டில் இப்போது தண்ணீர் வருகிறதா?

ஸ்டிரிங்கர்

பிரேக்கிங் போன வாரம் தினமும் வந்தது. இப்போது மூன்று நாளுக்கு ஒரு தடவை.

முன்னாள் டெஸ்க் ஊழியர்

தஞ்சாவூர் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். போராட்டம், மனு, எதுவானாலும் நீங்களே போனில் எடுங்கள். ஊர், தேதி, கோரிக்கை மூன்றையும் யாராவது ஒருவர் கேமரா முன்னால் வாயால் சொல்லட்டும். எடிட் செய்யாமல், எதிரெதிர் பக்கம் இருக்கிற இரண்டு சேனல்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். அனுப்பியதை இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள். டெஸ்கில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், அடுத்த சேனலிடமும் அது இருக்கிறது என்று தெரிந்தால் அமுக்கி வைக்க யோசிப்பார்கள்.

இல்லத்தரசி, தஞ்சாவூர் மாவட்டம்

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எங்கள் தெருவிலிருந்து போகிறோம். இரண்டு பக்கத்து நிருபர்களின் எண்ணும் வேண்டும் தம்பி, தனியாக அனுப்புங்கள். வீடியோ எடுக்க என் மகள் வருகிறாள்.