ஹெரால்டு பாடி, ஜிப்சி சேசிஸ்: உங்க கதையும் சொல்லுங்க

கோவை_லேத்

அப்பாவோட பழைய ஹெரால்டு கார், ரெண்டு கதவு. அடிச்சட்டத்துலருந்து (சேசிஸ்) பக்கவாட்டுல நீட்டி பாடியத் தாங்குற அவுட்ரிகர் எல்லாம் துரு தின்னு, ஜாக்கி ஏத்துனா ஜாக்கி மேல போகும், வண்டி இருந்த இடத்துலயே இருக்கும். இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். பட்டறைல ஒரு மாருதி ஜிப்சி ஜீப் சும்மா கிடந்துச்சுங்க. முன் வீலுக்கும் பின் வீலுக்கும் இடைவெளி, அதான் வீல்பேஸ், அளந்தோம். ஹெரால்டு 91.5 இஞ்ச், ஜிப்சி 93.5. ரெண்டு இஞ்ச்தானேன்னு இறங்கிட்டோம்.

கதவு வாசலுக்குக் குறுக்கே பைப் வெல்டு பண்ணாம செயின் பிளாக்ல தூக்குனது பெரிய தப்பு. பாடி நடுவுல தொய்ஞ்சு, இறக்குனப்புறம் ரெண்டு கதவும் சாத்தல. மூணு மாசம் அதுக்கே போச்சு. அப்புறம் பின் வீல் ஆர்ச்சுக்கு நடுவுல உக்காரல, டிங்கர் ஆர்ச்சையே வெட்டி நகத்துனாரு. எல்லாம் முடிச்சுப் பாத்தா வண்டி வேட்டியத் தூக்கிக் கட்டுன மாதிரி நிக்குது.

நான் சொல்ல வந்தது அது இல்லீங்க. முடிஞ்ச அன்னைக்கு அப்பா எடுத்தாரு. ஹெரால்டு 25 அடி வட்டத்துலயே திரும்பிரும். எங்க வீட்டு ரோட்டுல முப்பது வருசமா அவரு ரிவர்ஸ் போட்டுத் திருப்புனதே இல்ல. அதே பழக்கத்துல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சாரு. எதிர்வீட்டுக் கேட் தூணுக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுச்சு. ரிவர்ஸ் எங்க விழும்னு தெரியல, கியர் ராடையே தடவிட்டு இருந்தாரு. நான் கை நீட்டிப் போட்டுக் குடுத்தேன். ரெண்டு தடவ முன்ன பின்ன எடுத்துத் திருப்பினாரு. இறங்குனாரு, சாவியக் குடுத்தாரு. "கதவுச் சத்தம் மட்டும் அதேதான் கண்ணு"ன்னாரு.

ரெண்டு வருசம் ஆச்சு. அப்புறம் அவரு அந்த வண்டிய எடுக்கவே இல்ல.

அம்பி_மார்க்2

ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க, இது பாவம். 1959ல இங்கிலாந்துல மத்தவன்லாம் பாடியும் சேசிஸும் ஒண்ணேயான மோனோகாக்குக்குப் போயிட்டப்ப ஹெரால்டு மட்டும் தனி சேசிஸ்ல வந்ததே ஒரு கதை. பாடி அடிச்சுக் குடுத்துட்டிருந்த கம்பெனிய போட்டிக்காரன் வாங்கிட்டான். முழு பாடிய ஒண்ணா அடிச்சுக் குடுக்க ஆள் இல்ல. அதனாலதான் துண்டு துண்டா போல்ட் போட்டு சேசிஸ் மேல உக்கார வச்சான். கூரையக்கூட போல்ட்டக் கழட்டித் தூக்கிடலாம். அந்த சேசிஸ்தான் அந்த வண்டியே. அவுட்ரிகருக்கு தகடு வெட்டி பெட்டியா அடிச்சிருந்தா முடிஞ்சது.

என் அனுபவமா? வாங்கும்போதே இசுசு 1800 இன்ஜின் ஏத்தின அம்பாசிடர். பாடி பழசு, நாலு வீல்லயும் டிரம் பிரேக். திண்டிவனம் தாண்டி பறக்குறேன், முன்னாடி கரும்பு லாரி. பிரேக் மேல ஏறியே நின்னேன். வண்டி நின்னப்ப கரும்புத் தோகை பானட்ட தடவிட்டு இருந்துச்சு. இன்ஜின் மாத்தினவன் பிரேக்க மறந்துட்டான்.

ஆர்சி_புக்

மச்சானோட பத்மினி கார், டீசல் இன்ஜின் ஏத்துனது. பிரேக் இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பர் மேல தாள வச்சு பென்சிலால தேச்சாரு. தாள்ல ஒண்ணு வந்துச்சு, ஆர்.சி.ல வேற ஒண்ணு. மச்சான் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல.

கோவை அண்ணே, உங்க வண்டி அதவிட மோசம். சட்டத்துக்கு வண்டின்னா சேசிஸ் நம்பர். உங்க ஹெரால்டு ஆர்.சி. இப்ப எந்த வண்டியோடது? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டி இருக்கக் கூடாதுங்குது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியாச் சொல்லிருச்சு. 2021ல விண்டேஜ் விதி வந்துச்சு, 50 வருசம் தாண்டுன வண்டிக்கு வி.ஏ.ன்னு தனி வரிசை நம்பர். ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது, அதனால அந்தக் கதவும் உங்களுக்கு மூடிருச்சு. இன்சூரன்ஸ்காரன் நாளைக்கு ஒரு மோதல்னா முதல்ல சேசிஸ் நம்பரத்தான் கேப்பான். ரோட்டுல எடுக்காதீங்க. எடுத்தாலும் வெளியூர் வேணாம். வித்துறலாம்னு நினைச்சாலும் வாங்குறவன் பேருக்கு மாத்த முடியாது. முதல்லயே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?

யாழ்_ஏ40

அம்பி தம்பி, "பாவம்" எண்டு சொல்லுறது லேசு. யாழ்ப்பாணத்தில எங்களுக்கு 90களில பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. எங்கட மாமா ஆஸ்டின் ஏ-40ஐ மண்ணெண்ணெயிலதான் ஓட்டினவர். காலமை பொனற்றைத் திறந்து, சின்னப் போத்தலில இருந்து காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய். ஒறிஜினல் எண்ட சொல்லு அப்ப ஆற்றை வாயிலயும் வரேல்லை.

2002இல கண்டி-யாழ்ப்பாணம் ஏ-9 பாதை திறந்தாப்பிறகு கொழும்பிலிருந்து நிசான் ஏ12 எஞ்சின் கியர்பொக்ஸோட வந்தது. நிசான்காரனே 1950களில ஜப்பானில ஆஸ்டின் பூட்டினவன், அந்த வகையில சொந்தம்தான். ஏ-40க்கும் தனி சேசி, அதால குறொஸ் மெம்பரை மாத்தினது, தரையில கியர் லீவருக்கு ஓட்டை போட்டது, அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் காலமை மாமா பொனற்றைத் திறந்து, போத்தலைக் கையில வச்சுக்கொண்டு நிக்கிறார். நான் உள்ளுக்கிருந்து திறப்பைத் திருப்பினன், உடனே பிடிச்சிட்டுது. அவர் போத்தலோட அப்பிடியே கொஞ்ச நேரம் நிண்டார். அவர் சாகுமட்டும் அந்தப் போத்தல் டாஷ்போட்டுக்குள்ளதான் கிடந்தது. உள்ளுக்குப் பெற்றோலும் இருந்தது.

அம்பி_மார்க்2

அண்ணா, உங்க நிலைமை வேற, அதுக்கு நான் சொல்லல. கோயம்புத்தூர்ல எந்தத் தடையும் இல்லையே.

கோவை_லேத்

தடை இல்லீங்க, அவசரம்தான். அப்பாவுக்கு எழுபதாவது பொறந்தநாளைக்குள்ள ஓட வைக்கணும்னு நினைச்சேன். ஆர்.சி. அண்ணா, வண்டி வீட்டுக் காம்பவுண்டத் தாண்டி ரெண்டு வருசம் ஆகுது, அந்தக் கவலை வேணாம்.

யாழ்_ஏ40

தம்பி, பழைய சேசி இருக்கோ, எறிஞ்சிட்டியளோ?

கோவை_லேத்

இருக்குங்க. கொட்டாய்க்குப் பின்னாடி. அம்மா அதுமேல பூசணிக்கொடி ஏத்திவிட்டிருக்காங்க. அவுட்ரிகர் போச்சு, ஆனா முன் பக்கம் ஸ்டியரிங் ரேக்கோட அப்படியே இருக்கு. இந்தப் பதிவ எழுதறதுக்கு முன்னாடி போய், கொடிய விலக்கிட்டு கையால வீலத் தள்ளிப் பாத்தேன். இன்னும் கடைசி வரைக்கும் ஒடியுது.