அவகாடோ மரத்தில் துளைகள், யாருக்காவது அனுபவம் உண்டா?

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். கொல்லையில் நிற்கும் அவகாடோ மரத்தின் அடித்தண்டில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். சுற்றிலும் சர்க்கரை பூத்தாற்போல வெள்ளைப் பொடி. 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடித்தார்களே, அந்தத் துளைவண்டோ என்று சந்தேகம்.

அவகாடோ இலையில் பெர்சின் என்ற நஞ்சு உண்டு. பால் தரும் ஆடு தின்றால் மடி வீங்கிவிடும். ஆனால் இந்த வண்டு இலையைத் தொடுவதே இல்லை. கட்டைக்குள் பூஞ்சை பயிரிட்டு அதைத்தான் தின்கிறது. கெட்டிக்காரப் பயல்!

மாமியார் வேப்பிலைக் கஷாயம் ஊற்றச் சொல்கிறார். வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பூச்சிக்கொல்லிப் பொருள் இலைப்புழுவுக்குச் சரி, கட்டைக்குள் இறங்குமா? மரத்தைக் காப்பாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வெட்டத்தான் வேண்டுமென்றால், வண்டு பரவாமல் கட்டையை என்ன செய்தீர்கள்?