வினாக்கொத்து இல்லாமல், தோட்டத்துப் பேச்சை வைத்தே உளவியல் ஆய்வேடு செய்யலாமா?

கொழுந்துக்கூடை:
வணக்கம். உளவியல் சிறப்புக் கற்கை, இறுதி வருடம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பெண்களின் மன அழுத்தம்தான் தலைப்பு. மொழிபெயர்த்த வினாக்கொத்தைக் கொடுத்தால் எல்லாரும் ‘சில சமயம்’ பெட்டியிலேயே புள்ளடி போடுகிறார்கள். அதே ஆட்கள் மடுவத்தில் கொழுந்து நிறுக்க நிற்கும்போது எவ்வளவோ பேசுகிறார்கள். அந்தப் பேச்சையே தரவாக எடுக்கலாமா? எத்தனை மணித்தியாலம் பதிய வேண்டும்? தமிழில் எப்படி எழுதுவது? தோட்ட நிர்வாகத்தின் அனுமதி போதுமா?

இஸ்தோப்பு:
எடுக்கலாம், ஆனால் தலைப்பை மாற்ற வேண்டும். பேச்சைப் பதிந்து ‘இவருக்கு அழுத்தம் இவ்வளவு’ என்று அளக்கப் போனால் வினாக்கொத்தே தேவலை. ‘மனசு சரியில்ல’ என்று ஒருவர் எந்த இடத்தில் சொல்கிறார், சொல்லி என்ன காரியம் நடக்கிறது, கேட்டவர் அடுத்து என்ன செய்கிறார், இதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த முறைக்கு உரையாடல் பகுப்பாய்வு என்று பெயர். 1960களில் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் லொஸ் ஏஞ்சலிஸ் தற்கொலைத் தடுப்பு நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை வைத்துத்தான் இதைத் தொடங்கினார். ஊழியர் தன் பெயரைச் சொன்னால் அழைத்தவரும் பெயர் சொல்வது வழக்கம். ஒருவர் ‘கேட்கவில்லை’ என்கிறார். ஊழியர் திரும்பத் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், அவர் பெயர் சொல்லியிருக்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விடுகிறது. உண்மையிலேயே கேட்கவில்லையா, மறைத்தாரா என்று மனசுக்குள் தோண்ட வேண்டியதில்லை. அந்தச் சொல் செய்த வேலை பதிவிலேயே இருக்கிறது. பிறகு ஜொனதன் பொட்டர், டெரெக் எட்வர்ட்ஸ் போன்ற உளவியலாளர்கள் இதே பார்வையை உளவியலுக்குள் கொண்டுவந்தார்கள்.

முறையைக் காட்டுவதற்காக நானே கட்டிய துண்டு இது, தரவு இல்லை. (0.8) என்பது செக்கனில் அளந்த மௌனம், (.) மிகச் சிறிய நிறுத்தம், :: ஒலியை இழுப்பது. ‘மலை’ கொழுந்து பறிக்கும் இடம், கங்காணி வேலையை மேற்பார்ப்பவர்:

01 மீனா: அக்கா நாளைக்கி மலைக்கு வர்றீங்களா
02 (0.8)
03 செல்வி: ம்ம்:: வரலாம்னுதான் (.) சின்னவனுக்குக் காய்ச்சலா இருக்கு
04 மீனா: ஐயோ அப்ப இருங்கக்கா நான் கங்காணிகிட்ட சொல்லிர்றேன்

‘வரமாட்டேன்’ என்று செல்வி எங்கேயும் சொல்லவில்லை. தாமதம், இழுத்த ‘ம்ம்’, அப்புறம் ‘வரலாம்னுதான்’. அந்தத் ‘தான்’ வரவேண்டும் என்ற எண்ணத்தை முன்னால் வைத்து, பின்னால் ஒரு தடை வருவதைக் காட்டிவிடுகிறது. இதை மறுப்பு என்று சொல்வது நாம் இல்லை, 04இல் மீனா. கங்காணியிடம் சொல்வதாக அவரே முன்வருகிறார். அடுத்த ஆளின் பேச்சே சாட்சி. இந்த இடத்தில் ‘செல்விக்குக் குற்றவுணர்வு’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் சிவப்புக் கோடு போடுவார், போடவும் வேண்டும்.

ராகலைக்காரன்:
பதிவு, எழுத்துப்படி பற்றி மட்டும் சொல்கிறேன்.

மடுவத்தை விட்டுவிடுங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், தராசுச் சத்தம் வேறு. ஒலியை மட்டும் வைத்து யார் பேசியது என்று பிரிக்க முடியாது. தேத்தண்ணி நேரத்தில் இரண்டு மூன்று பேர் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் விறாந்தையில், உட்கார்ந்து பேசுவது நல்லது. ஹட்டன், மஸ்கெலியா மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தகரக் கூரையில் விழும் மழை சின்னக் குரல்களை விழுங்கிவிடும். போனை மடித்த துணி மேல் வையுங்கள், மேசை அதிர்வு ஏறாது. இரைச்சல் குறைக்கும் வசதியை நிறுத்துங்கள். அது பேசுமுன் இழுக்கும் மூச்சையும் சேர்த்து வெட்டிவிடும், நமக்கு வேண்டியதே அதுதான். வேவ் கோப்பு, 44.1 கிலோஹேர்ட்ஸ், ஒற்றைத் தடம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 320 மெகாபைட். வட்ஸ்அப்பில் அனுப்பி வாங்காதீர்கள்.

இளநிலை ஆய்வேட்டுக்கு 3 முதல் 5 மணித்தியாலம் தாராளம். சொற்களை மட்டும் எழுத ஒரு மணி ஒலிக்கு 4 முதல் 6 மணி போகும். நிறுத்தம், நீட்டல் எல்லாம் காட்டக் கெயில் ஜெஃபர்சன் வகுத்த குறிகளோடு எழுதினால் 20 மணிக்கு மேல். ஆகவே முழுவதையும் அப்படி எழுதாமல், நீங்கள் பார்க்கும் ஒரே விடயம் வரும் இடங்களை மட்டும், 20, 30 துண்டுகளை, நுணுக்கமாக எழுதுங்கள். ஈலான் இலவச மென்பொருள். ஆளுக்கொரு வரிசை போட்டு மேற்பொருந்தும் பேச்சைக் காட்டலாம்.

தமிழில் வழமையாக நடக்கும் பிழைகள் சில. நீட்டல் குறி இயல்பான நெடிலுக்கு இல்லை, அதற்கு மேலும் இழுத்தால்தான். ‘பத்து’, ‘வெட்டு’ போன்ற சொற்களின் நடுவில் காற்று அடைபடும் கணமும் அலைவடிவத்தில் வெறுமையாகத் தெரியும், அதை இடைநிறுத்தம் என்று போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை பேச்சை எழுத்துத் தமிழாக்குவது. ‘அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுட்டாங்களாம்’ என்பதை ‘அரைப்பேர் போட்டுவிட்டார்கள்’ என்று திருத்தினால் ‘ஆம்’ போய்விடும். ‘நான் கேள்விப்பட்டது, பொறுப்பு என்னுடையதில்லை’ என்று அவர் விலகி நின்றது முழுக்க அந்தச் சின்ன ஒட்டில்தான் இருந்தது.

கொழுந்துக்கூடை:
நன்றி. 0.8 செக்கனை ‘நீண்ட மௌனம்’ என்று எழுதலாமா?

இஸ்தோப்பு:
அப்படியே எழுதாதீர்கள். 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில், ஆம்-இல்லைக் கேள்விக்கான பதில் சராசரியாகக் கிட்டத்தட்ட 0.2 செக்கனில் வந்தது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. உங்கள் பதிவிலேயே இதே ஆட்கள் ‘ஆமா’ என்று ஒத்துக்கொள்ளும் இடங்களை அளந்து, அதோடு ஒப்பிடுங்கள்.

புள்ளக்காம்பரா:
நிர்வாகத்தின் அனுமதி கேற்றுக்குள் போக மட்டும். சம்மதம் ஆளாளுக்கு, பதிவுக்கு முன் ஒரு தடவை, கேட்டுப் பார்த்த பின் ‘இந்தத் துண்டை அழியுங்க’ என்று சொல்லும் உரிமையோடு இன்னொரு தடவை. தோட்டத்து மேற்பார்வை உத்தியோகத்தரான கணக்கப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சம்மதம் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை, அது சம்மதமும் இல்லை. லயத்துச் (வரிசை வீட்டுச்) சுவர் தாண்டிப் பக்கத்துக் காம்பராப் பேச்சும் பதிவாகும். அதை எழுதாமல் ஒலியிலும் மௌனமாக்குங்கள். பெயரை அதே அசை எண்ணிக்கையில் மாற்றுங்கள்: செல்விக்கு வள்ளி. டிவிஷன், கோயில் பெயர்களையும் எடுங்கள், அவற்றை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். ‘அக்கா’, ‘மாமி’, ‘ஐயா’ மட்டும் அப்படியே இருக்கட்டும். ‘கங்காணி’ என்று கூப்பிட்டவர் லீவு கேட்கும்போது ‘மாமா’வுக்கு மாறினால் அதுவே உங்கள் தரவு.

இஸ்தோப்பு அண்ணனோடு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. மன அழுத்தத் தலைப்பை முழுதாக விட வேண்டாம். டிஸ்பென்சரியில் நோயாளி அதை எப்படிப் பேச்சில் எடுக்கிறார், கேள்வி அதற்கு இடம் விடுகிறதா என்று பார்க்கலாம். ‘வேற ஒண்ணும் இல்லதானே’ என்ற கேள்வி ‘இல்ல’ என்ற பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறது. ‘வேற என்ன செய்யுது’ அப்படி இல்லை. அமெரிக்காவில் 2007இல் வெளியான ஆய்வொன்றில், கேள்வியில் ‘any’ என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை ‘some’ என்று மாற்றியதில் நோயாளிகள் சொல்லாமல் விட்டுப்போகும் குறைகள் வெகுவாகக் குறைந்தன. அந்தச் சொல் வேறுபாடு தமிழில் நேராக இல்லை, ‘தானே’, ‘ஏதும்’, ‘என்ன’ என்று நம் சொற்களிலேயே தேட வேண்டும். மருத்துவப் பேச்சு என்பதால் ஒழுக்கநெறிக் குழு அனுமதிக்கு நாட்கள் எடுக்கும், இப்போதே விண்ணப்பியுங்கள்.

ராகலைக்காரன்:
ஒரு சின்ன விடயம். இஸ்தோப்பு காட்டிய துண்டில் 0.8 தனி வரியில் நிற்கிறது, (.) செல்வியின் வரிக்குள் இருக்கிறது. தட்டெழுதும்போது இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துவிடாதீர்கள். முதலாவது யாரும் பேசாத இடைவெளி, கேள்வி தன்னை நோக்கி வந்ததால்தான் அது செல்வியின் தாமதமாகிறது. இரண்டாவது அவர் பேச்சுக்கு உள்ளேயே எடுத்த நிறுத்தம்.