தொழிற்சாலைக் கூரையில் சோலார்: மானியமா, நெட் மீட்டரிங்கா?

கேள்வி: எங்கள் பட்டறைக் கூரையில் சோலார் போடலாம் என்று இருக்கிறோம். ஆரம்ப மானியம் முக்கியமா, இல்லை மிச்ச மின்சாரத்தை கிரிட்டுக்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங்கா?

பதில் 1: மானியம் ஒரு தடவை வரும், பேனலோ 25 வருடம் உழைக்கும். ஜெர்மனி 2000இல் கொண்டுவந்த சட்டம் சோலார் மின்சாரத்தை கிரிட் வாங்கும் விலையை 20 வருடத்துக்கு உறுதி செய்தது, அந்த உறுதியை நம்பித்தான் பலரும் துணிந்து பணம் போட்டார்கள். விதியை நடுவில் மாற்றும் அரசு எவ்வளவு மானியம் கொடுத்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

பதில் 2: சரிதான், ஆனால் பகல் ஷிப்ட் ஓடும் பட்டறையில் மதியம் வரும் யூனிட் பெரும்பாலும் உள்ளேயே செலவாகிவிடும், விடுமுறை நாளில்தான் மிஞ்சும். முதலில் மணிவாரியாக எவ்வளவு இழுக்கிறீர்கள் என்று பாருங்கள். அப்புறம் தேய்மான வரிச்சலுகை, அதாவது சாதனத்தின் மதிப்பு வருடா வருடம் குறைவதைச் செலவாகக் காட்டி வரியைக் குறைப்பது, அது லாபம் காட்டும் நிறுவனத்துக்குத்தான் பயன்படும்.

பதில் 3: பேட்டரிக்கும் உதவி இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களிடம் உச்சி வெயிலில் கிரிட் கரண்ட் போனதும், பேனல் கரண்டை மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் நின்றுவிட்டது, பேனல் கரண்ட் லைனுக்குள் போய் அங்கே வேலை செய்பவர்களைத் தாக்காமல் இருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கூரை கொதிக்கிறது, கீழே லேத் அசையவில்லை.

கேள்வி கேட்டவர்: இது தெரியாமல் இருந்தேன், ரொம்ப நன்றி. நாளைக்கே மீட்டர் பதிவை எடுக்கிறேன்.