குடும்பக் குழு: குத்திப் போனா ஹோம் ரன்னா?

கோவை பெரியப்பா: இந்த பேஸ்பால் வீடியோல பந்து ஒரு குத்து குத்தி வேலியைத் தாண்டிப் போகுது. அப்புறம் ஏன் பேட்டரை ரெண்டாவது பேஸ்லயே நிறுத்திட்டாங்க?

டல்லாஸ் சித்தப்பா: நம்ம கிரிக்கெட் ஃபோர், சிக்ஸ் கணக்குதாண்ணா. பேஸ்பால்ல மூணு பேஸையும் தொட்டு நாலாவதான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினா ஒரு ரன். பந்து குத்தாம வேலியைத் தாண்டினா ஹோம் ரன், நாலையும் சுத்தி வரலாம். குத்திப் போனா ரெண்டு பேஸ்தான். ஏற்கெனவே பேஸ்ல நிக்கிற ரன்னர்களுக்கும் அதே ரெண்டு. முதல் பேஸ்ல இருந்தவன் ஓடி ஹோம் பிளேட்டைத் தொட்டிருந்தாலும் மூணாவதுக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க.

நியூஜெர்சி அக்கா: 1930 வாக்குல வரைக்கும் குத்திப் போனதையும் ஹோம் ரன்னாதான் எழுதினாங்க பெரியப்பா. 1931-லிருந்து அமெரிக்காவோட ரெண்டு பெரிய லீக்லயும் அது இல்ல.

கோவை பெரியப்பா: அப்போ அந்தக் காலத்துப் பெரிய பேட்டர் பேப் ரூத் 1927-ல அடிச்ச 60 ஹோம் ரன்ல பாதி குத்திப் போனதா இருக்குமே 😄

நியூஜெர்சி அக்கா: இல்ல. பழைய பத்திரிகைக் குறிப்பெல்லாம் தோண்டிப் பார்த்தவங்க அந்த 60-ல அப்படி ஒண்ணுகூட இல்லைங்கிறாங்க. பழைய ரூல்களால அவருக்கு நஷ்டம்தான் வந்திருக்கும். 1918 ஜூலை 8, பாஸ்டன், எதிரணி கிளீவ்லேண்ட். 10-வது இன்னிங்ஸ், 0-0, முதல் பேஸ்ல ஒரு ரன்னர். ரூத் அடிச்ச பந்து நேரா ரசிகர்கள் நடுவுல போய் விழுந்தது. எழுதினது ட்ரிபிள், அதாவது மூணு பேஸ் அடி!

சென்னை தம்பி: ஏன்க்கா??

நியூஜெர்சி அக்கா: ஜெயிக்க ஒரு ரன் போதும். முதல் பேஸ்ல இருந்தவன் ஹோமுக்கு வர மூணு பேஸ் தாண்டணும். அவன் தொட்ட நிமிஷமே ஆட்டம் முடிஞ்சுது, அதனால அடிச்சவருக்கும் மூணு பேஸ்தான். 1920-லதான் இதை மாத்தினாங்க. 1960கள் கடைசியில ஒரு கமிட்டி அந்த ட்ரிபிளை ஹோம் ரன்னா மாத்தி, ரூத்தோட மொத்த ஹோம் ரன் கணக்கை 715 ஆக்கப் பார்த்தது, அப்புறம் பின்வாங்கிடுச்சு. இன்னைக்கும் 714-தான்.

டல்லாஸ் சித்தப்பா: ஃபௌல் கம்பத்தை விட்டுட்டியேம்மா. ஆட்ட எல்லையோட ரெண்டு ஓரத்துலயும் நிக்கிற கம்பம் அது, அதுக்கு வெளியே போனா ஃபௌல், அடி செல்லாது. வேலியைத் தாண்டுறப்போ பந்து கம்பத்துக்கு எந்தப் பக்கம் இருந்துதுன்னு இப்போ பார்ப்பாங்க. 1931-க்கு முன்னாடி பெரும்பாலும் கடைசியா கண்ணுக்குத் தெரிஞ்ச இடம்தான் கணக்கு. இழுத்து அடிச்ச பந்து வெளிப்பக்கமா வளைஞ்சுக்கிட்டே போகும். கம்பத்துக்கு உள்ளே தாண்டி, வெளியே போய் விழும். அதெல்லாம் அப்போ ஃபௌல்.

சென்னை தம்பி: வேலியையே கிட்ட கொண்டுவந்து வெச்சுட்டா?

டல்லாஸ் சித்தப்பா: அதுக்கும் ரூல் இருக்கு. 250 அடிக்குள்ள வேலி இருந்தா குத்தாம தாண்டினாலும் ரெண்டு பேஸ்தான். 1926-லிருந்து இப்படி, அதுக்கு முன்னாடி 235 அடி. 1958-ல டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்துல ஆடினப்போ இடது ஓரம் சுமார் 250 அடிதான்! மேலே 42 அடி உயரத்துக்கு வலை கட்டினாங்க. அடுத்த வருஷம் அந்த அணிக்கு வந்த வாலி மூன் இடது கை பேட்டர், ஆனாலும் வேணும்னே அந்தப் பக்கம் தூக்கித் தூக்கி அடிச்சார். 1958 ஜூன் 1-க்குப் பிறகு கட்டுற மைதானத்துக்கு ஓரத்துல 325, நடுவுல 400 அடின்னு ரூல் வந்துது. அதையும் யார் மதிக்கிறாங்க? 2009-ல திறந்த யாங்கி ஸ்டேடியத்துல வலது ஓரம் 314 அடி.

கோவை பெரியப்பா: ஃபீல்டர் மேல பட்டுத் தாண்டினா?

நியூஜெர்சி அக்கா: தரையில படாம இருந்தா ஹோம் ரன்தான். 1993-ல ஹோசே கான்செகோங்கிற ஃபீல்டர் தலையில டொக்குனு பட்டுத் தாண்டிப் போச்சு, ஹோம் ரன் குடுத்துட்டாங்க 😂 குத்தின பிறகு பட்டுத் தாண்டினா ரெண்டு பேஸ்.

சென்னை தம்பி: இதையெல்லாம் வெறும் கண்ணாலயா பார்த்தாங்க?

நியூஜெர்சி அக்கா: 2008 ஆகஸ்ட் 28 வரைக்கும் ஆமா. அப்புறம்தான் ரீப்ளே, அதுவும் முதல்ல ஹோம் ரன் சந்தேகத்துக்கு மட்டும்.

டல்லாஸ் சித்தப்பா: தாண்டினா மட்டும் போதாதுடா தம்பி, நாலு பேஸையும் தொடணும். 1999 பிளேஆஃப், 15-வது இன்னிங்ஸ், மூணு பேஸ்லயும் ஆள். ராபின் வென்டுரா வேலிக்கு வெளியே அடிச்சார். ரெண்டாவது பேஸை அவர் தொடுறதுக்குள்ளயே கூட்டாளிங்க தூக்கிட்டாங்க. நாலு ரன் தர்ற கிராண்ட் ஸ்லாம் போச்சு, கணக்குல சிங்கிள் (ஒரு பேஸ் அடி), ஒரே ரன்.

கோவை பெரியப்பா: ஓடுறப்போ கால் பிசகி விழுந்துட்டா?

டல்லாஸ் சித்தப்பா: மாத்து ஆள் மிச்சத்தை ஓடி முடிக்கலாம்ணா. 2005-ல கேப் கேப்லர் முதல் பேஸ்ல இருந்தார், அவர் அணிக்காரர் கிராஃபனினோ ஹோம் ரன் அடிச்சார். கேப்லர் ரெண்டாவது பேஸைத் தாண்டுறப்போ குதிகால் தசைநாண் அறுந்து விழுந்துட்டார். முன்னாடி போற ரன்னரைத் தாண்டினா அடிச்சவர் அவுட், அதனால கிராஃபனினோ அங்கேயே நின்னுட்டார். மாத்து ஆள் மச்சாடோ வந்து கேப்லருக்குப் பதிலா ஓடின பிறகு ரெண்டு ரன்னும் சேர்ந்துது.