குழிக்குக் குச்சி நட்ட இடத்தில் நான்கு முட்டைகள்

சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்து முடித்ததும் குளத்தை ஒட்டிய மேட்டு நிலம் வெறிச்சென்று கிடந்தது. (வெட்டி மட்டும் விட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும்.) எல்லோருக்கும் ஒரே யோசனை, மரக்கன்று நடலாம் என்று. குழிக்கு அடையாளமாகக் குச்சி நட்டுக்கொண்டே போனேன். தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவியின் கத்தல். ஒன்று என்னை நோக்கிப் பாய்ந்து வந்து விலகியது. இன்னொன்று சிறகைத் தொங்கவிட்டு நொண்டி நொண்டி என்னை வேறு பக்கம் இழுத்தது. அப்படியே நின்று குனிந்து பார்த்தேன். காலுக்கு இரண்டடி தள்ளி, கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள். மண் நிறம், கரும்புள்ளிகள், கூர்முனைகள் உள்பக்கமாக. கூடு என்று ஒன்றும் இல்லை, லேசான பள்ளம், அவ்வளவுதான்.

குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் தினமும் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்ப்பேன். உச்சி வெயிலில் அடைகாக்கும் பறவை எழுந்து குளத்தோரம் போகும். வயிற்று இறகு நனைய உட்கார்ந்துவிட்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகள் மேல் அமரும். அந்த ஈரத்தில் முட்டையின் சூடு தணியும். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பொட்டல் வெளியும், அதை ஒட்டியே ஆழமில்லாத தண்ணீரும் இருந்தால்தான் இதற்குப் பிழைப்பு. நாங்களோ மேட்டை மரத்தால் நிரப்பி, குளத்தைக் கிண்ணம் மாதிரி ஆழமாகத் தோண்டத் திட்டம் போட்டிருந்தோம். அப்படித் தோண்டினால் முங்கி இரை பிடிக்கும் முக்குளிப்பானுக்குச் சரி. விரல் நீள ஆழத்தில் இரை தேடும் உள்ளான் எங்கே நிற்கும்?

ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விடுங்கள் என்று சண்டையே போட்டேன். விட்டார்கள். மழைக்குப் பிறகு அந்தச் சரிவில் யாரும் விதைக்காமலே கோரை முளைத்தது. மண்ணுக்குள் விதை உயிரோடு இருந்திருக்கிறது!

நான்கில் மூன்று பொரித்தன. தாய் ஒரு குரல் கொடுத்ததும் மூன்று குஞ்சும் தரையோடு ஒட்டிக்கொண்டன. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி தேடினேன், ஒன்றுகூட அகப்படவில்லை.

இதைப் படித்த ஒருவரின் பதில்:

புல் அறுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நாங்கள் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே அறுத்துக்கொண்டு போனோம். கடைசியில் நடுவில் மிஞ்சிய திட்டில் கௌதாரிக் குடும்பமே ஒடுங்கி நின்றது. மெஷினை நிறுத்திவிட்டோம். இப்போது குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்த பிறகுதான் அறுப்பு, அதுவும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக.